அண்ணி துலக்கிய தட்டு

அண்ணி என் தட்டைத் துலக்குகிறாள் என்றால், நான் பிழைக்கப்போவதில்லை.

படுத்தபடியே தையல்காரி இப்படித்தான் முடிவு கட்டினாள். கண் மஞ்சளித்து, உடம்பெல்லாம் அரித்து, ரவிக்கை தொளதொளத்தபோதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை. குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத அண்ணி, கணவனின் அக்கா, சமையலறையில் வெந்நீர் வைத்து அவள் தட்டைத் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

"வெறும் மஞ்சள் காமாலைன்னுதான். கட்டியைப் பத்தி மூச்சு விடல," என்றான் கணவன்.

அவள் நம்பவில்லை.

கட்டி ஸ்கேனில் தெரிந்தது. கணையத்தின் தலைப்பக்கம் உட்கார்ந்து பித்தக் குழாயை நெரித்துக்கொண்டிருந்தது. புற்றுநோய் போலிருக்கிறது, வெட்டிவிடலாம் என்று அறுவை டாக்டர் நாளே குறித்துவிட்டார்.

"அளவெடுக்காம நான் துணியைக்கூட வெட்ட மாட்டேன் டாக்டர். என்னன்னு பார்த்துட்டு வெட்டுங்க."

அவர் சிரித்துவிட்டு, வயிற்று டாக்டரம்மாவிடம் அனுப்பினார். டாக்டரம்மா வாய்வழியாகக் குழாய் விட்டு, அடைப்பு வடிய வழிசெய்து, ஊசியால் கட்டியிலிருந்து துளி சதையும் எடுத்தார். அதில் புற்றுநோய் தென்படவில்லை. வேறு எதுவும் தெரியவுமில்லை.

"இல்லைன்னா நல்லதுதானே?" என்றான் கணவன்.

"ஊசி தப்பான இடத்துல பட்டாலும் இல்லைன்னுதான் வரும். மறுபடி எடுப்போம். காசநோயாவும் இருக்கலாம்."

"காசம் நெஞ்சுலதானே வரும்?"

"அது எங்கே வேணா குடித்தனம் வைக்கும்."

இந்த முறை இரண்டு பாட்டில்கள். புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போவதில் சதை கெடாமலிருக்க மருந்து. கிருமியைத் தேடப் போவதில் வெறும் உப்புத் தண்ணீர். கணவன் வண்டியெடுக்கப் போனபோது அவற்றை ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருந்த அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆய்வகத்தில் திருப்பிவிட்டார்கள். "உப்புத் தண்ணியில மருந்து கலந்திருக்கு. கிருமி இருந்தாலும் செத்திருக்கும்."

"ஒண்ணுல நிறைய, ஒண்ணுல கொஞ்சம்னு இருந்துது," என்றாள் அண்ணி. "சமமா ஊத்திவெச்சேன்."

யார் டம்ளரில் காபி ஏறியிருக்கிறது என்று கண்ணாலேயே அளந்து, அதை இறக்கி ஊற்ற வைத்தால்தான் அண்ணிக்கு நிம்மதி. தையல்காரிக்குக் கோபம்கூட வரவில்லை. போகிற நேரத்தில் பகை எதற்கு? வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோர நாற்காலியைக் காட்டினாள். எத்தனையோ வருஷமாக இருவரும் எனக்கு உனக்கென்று முறைத்துக்கொண்ட நாற்காலி.

"இனி நீங்களே உட்காருங்க அண்ணி. நான் போனப்புறம் அது எதுக்கு?"

"எங்கே போறே?"

என்ன நடிப்பு! நாற்காலியை வெந்நீரால் இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் அண்ணி உட்கார்ந்தாள். அழுகையை மறைக்கத்தான் இப்படிக் குனிந்து குனிந்து துடைக்கிறாள் என்று நினைத்துத் தையல்காரி உருகிப்போனாள்.

மூன்றாம் முறை எடுத்ததை யாரிடமும் கொடுக்கவில்லை. பாட்டில்களை மார்போடு அணைத்துக்கொண்டு தானே போய்க் கொடுத்தாள்.

"காசநோய்தான்," என்றார் டாக்டரம்மா, தானே பரீட்சையில் பாஸான மாதிரி. "கத்தி வேண்டாம். ஆபரேஷன் ரத்து. மாத்திரையிலேயே கரைஞ்சிடும். ஆனா சிறுநீர் ஆரஞ்சு நிறமாப் போகும், பயப்படாதீங்க."

"போகட்டும் டாக்டர். மஞ்சளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு."

கணவன் சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான். நுரையீரல் படத்தைக் காட்டி அவனிடம் டாக்டரம்மா சொன்னார்: "நெஞ்சு சுத்தமா இருக்கு. இது யாருக்கும் தொத்தாது."

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அதைத்தான் அவன் அக்காவிடம் சொன்னான்.

ஜன்னலோர நாற்காலியிலிருந்து அண்ணி துள்ளி எழுந்தாள். உள்ளே போய்த் தேய்க்கும் நாரோடு வந்தாள்.

"தொத்தாதா? காமாலை எனக்கும் ஒட்டிக்கப்போகுதேன்னுதானே இத்தனை நாளும் உன் தட்டை வெந்நீர்ல போட்டுப் போட்டுத் துலக்கினேன்! இந்தா, பிடி."

தையல்காரி நாரைப் பார்த்தாள். காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தாள். மெதுவாகப் போய் அதில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"உங்க கையிலேயே இருக்கட்டும் அண்ணி."