ஒன்பது திங்கட்கிழமைகளும் ஒரு பாதி சல்யூட்டும்

எந்தப் பொருளை எப்போது வாங்கலாம் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் என்னிடம் கேட்பதில்லை. இருபது வருடங்களுக்கும் மேலாகக் கேட்பதில்லை. அதற்கு முன்னால் எல்லோரும் கேட்டார்கள். கேட்டபோது நானும் சொன்னேன். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. புதுச்சேரியில் ஒரு சிறிய நாளிதழில் பயிற்சி உதவி ஆசிரியர். எட்டாம் பக்கத்தின் கீழ் மூலையில் வரும் சந்தை நிலவரம் என் பொறுப்பு. தினமும் மாலை நான்கு மணிக்குப் பெரிய மார்க்கெட்டுக்குப் போன் செய்து தக்காளி, சின்ன வெங்காயம், முருங்கைக்காய் விலைகளைக் கேட்டு எழுத வேண்டும். ஆறு மாதம் இதைச் செய்ததில், விலைகளின் மனதை நான் அறிவேன் என்ற எண்ணம் வந்துவிட்டது. (தக்காளி ஏறும் என்று இரண்டு முறை சரியாகச் சொல்லியிருந்தேன். இரண்டு முறையும் மழை பெய்துகொண்டிருந்தது.)

என் அண்ணன் முரளி அனிமேஷன் படித்திருந்தான். சென்னையில் ஒரு நிறுவனம் நவம்பர் கடைசியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. சொந்தமாகச் செய்த மூன்று நிமிடப் படம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும், அதுதான் நிபந்தனை. அவன் படத்தின் கதாநாயகன், எங்கள் ஊர்ச் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர். நாள் முழுக்கக் கடற்கரையில் எல்லோருக்கும் சல்யூட் அடிக்கிறார், அவருக்கு யாரும் திருப்பி அடிப்பதில்லை. கடைசியில் கடலைப் பார்த்து ஒரு சல்யூட் அடிக்கிறார். ஓர் அலை எழுந்து, வளைந்து, அவருக்குத் திருப்பி அடிக்கிறது. படமே அந்த அலைக்காகத்தான்.

காட்சிகளை அவன் அமைத்துக் கொடுத்தால், ஒவ்வொரு படமாகத் தீட்டி முடிப்பது கணினியின் வேலை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்த பழைய கணினிக்கு, ஒரு விநாடிப் படத்தைத் தீட்ட நான்கு மணி நேரம் பிடித்தது. வேகமான ப்ராசசர் போட்டால் மூன்றில் ஒரு பங்கு நேரம் போதும் என்றான். வாங்கித் தருவதாக நான் சொன்னேன். என் சம்பளத்தில் சேர்த்த பணம், ஆகவே நாளைக் குறிப்பதும் நான்.

நேரு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ரவி அண்ணன் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். திங்கட்கிழமைதோறும் புது விலைப்பட்டியலைக் கண்ணாடியில் ஒட்டுவார். செப்டம்பர் நடுவில் முதல் முறை பார்த்தேன். அடுத்த திங்கள் முந்நூறு ரூபாய் குறைந்திருந்தது. அதற்கடுத்த திங்கள் இன்னொரு இருநூறு. வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டு வரைபடம் தயாரித்தேன். கோடு சறுக்குமரம் மாதிரி அழகாகக் கீழே வந்தது.

"இப்ப வாங்குனா முட்டாள்தனம். தீபாவளி வரைக்கும் பொறு," என்றேன்.

அத்தோடு விட்டிருந்தால் எனக்குச் சொல்ல ஒரு கதை இருந்திருக்காது. பழைய ப்ராசசரின் விலையும் இறங்கிக்கொண்டுதானே இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதை உச்சத்தில் விற்றுவிட்டு, புதியதை அடிமட்டத்தில் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். மூன்றாவது திங்களே அதைக் கழற்றச் சொல்லி, ரவி அண்ணனிடம் ஆயிரத்து நூறு ரூபாய்க்கு விற்றேன்.

"ஏ விஜி, எஞ்சின வித்துட்டு, பெட்ரோல் விலை எறங்கட்டும்னு நிக்கிற மாதிரி இருக்கு," என்றான் முரளி.

"உனக்கு மார்க்கெட் தெரியாது," என்றேன். (இந்த வாக்கியத்தை இன்றும் என் குரலிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டுவான்.)

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. அம்மா வழக்கம்போல எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தார்: தையல் மெஷின், அப்பாவின் ஸ்பேனர் செட், என் பேனா, முரளியின் கணினி. மானிட்டருக்கு விபூதிப் பட்டை, சி.பி.யு.வுக்குச் சாமந்தி மாலை. அப்பா தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். கற்பூரத் தட்டோடு அம்மா கணினி முன் நின்றபோது அப்பாவால் தாங்க முடியவில்லை.

"உள்ள சாமியே இல்ல. எதுக்கு இவ்ளோ பெரிய கற்பூரம்?"

"வரும்ங்க," என்றார் அம்மா, நிதானமாக. "வெல எறங்குனா வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். முரளி பொரியைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்காமல் நின்றதை நான் கவனித்தேன். கவனித்தேன் என்பதோடு சரி.

தீபாவளிக்கு விலை இன்னும் இறங்கியது. இவ்வளவு இறங்கினால் இன்னும் இறங்கும் என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன். ஒன்பதாவது திங்கட்கிழமை, கையில் பணம், மனதில் வெற்றி, ரவி அண்ணன் கடைக் கண்ணாடி முன் போய் நின்றேன். பட்டியலில் அந்த வரியையே காணோம். அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். தொழில் புத்தி.

"அது இனிமே வராதும்மா," என்றார் ரவி அண்ணன். "கம்பெனியே நிறுத்திட்டான். அதான் வெலயக் கொறச்சுத் தள்ளிவிட்டுக்கிட்டு இருந்தானுங்க. நீதான் வாராவாரம் வந்து பாத்துட்டுப் போனியே, தெரியும்னு நெனச்சேன்."

"புதுசு ஏதாவது போடலாம்ல?"

"உங்க பழைய மதர்போர்டுல ஒக்காராது. போர்டு மாத்தணும். போர்டு மாத்துனா மெமரியும் மாத்தணும். மெமரி இந்த வாரம் ஏறியிருக்கு."

என்னிடம் இருந்ததைப்போல இரண்டு மடங்கு பணம் வேண்டியிருந்தது. நேர்காணலுக்கு எட்டு நாள்.

"அப்ப எங்க போர்டுக்கு எதுவுமே இல்லையா?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, பஞ்சு சுற்றிய ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே ஒரு பழைய ப்ராசசர். மூலையில் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி. மாறிப்போகக் கூடாது என்று கழற்றும்போது முரளி வைத்த புள்ளி. என் நெயில் பாலிஷ்.

"இதுக்கு இப்பத்தான் கிராக்கி. வேற எங்கயும் கெடைக்காது. ஆயிரத்தைந்நூறு," என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரிஞ்ச பொண்ணாச்சே, நூறு கொறச்சிக்கிறேன்."

ஒன்பது வாரமாக நான் கண்காணித்த பொருள்களில் விலை ஏறியது அது ஒன்றுதான். வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

முரளி பெட்டியைத் திறந்தான். புள்ளியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திருப்புளியை எடுத்தான்.

மூன்று நிமிடக் கதையை ஐம்பது விநாடிக்கு வெட்டினான். ஏழு நாள் கணினி நிற்காமல் ஓடியது. சி.பி.யு.வின் மூடியைக் கழற்றி, வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நாங்கள் பனை விசிறியோடு உட்கார்ந்திருந்தோம். ஏழு நாளில் நாற்பத்திரண்டு விநாடி முடிந்திருக்க வேண்டும். ஒரு விநாடிப் படம் மின்வெட்டில் போயிற்று. நாற்பத்தொன்றாவது விநாடியில் போலீஸ்காரர் கடலைப் பார்த்து நிற்கிறார், கை தோள்வரை உயர்ந்திருக்கிறது. அதோடு சரி. அலையே வரவில்லை.

அந்த வாரத்தில்தான் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்றெண்பது விநாடி, விநாடிக்கு நான்கு மணி நேரம்: முப்பது நாள். பழையதைக் கழற்றாமல் அப்படியே ஓடவிட்டிருந்தால், படம் தீபாவளிக்கு முன்பே முழுதாக முடிந்திருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் இதே கணக்கை அவரவர் தனியாகப் போட்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

முரளி சென்னைக்குப் போய், அன்று மாலையே பஸ்ஸில் திரும்பினான். நாங்கள் மூன்று பேரும் வாசலுக்கு ஓடினோம்.

"என்னடா ஆச்சு?" என்றார் அம்மா.

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் விறைப்பாக நின்றான். வலது கையை மெதுவாகத் தூக்கினான். தோள்வரை வந்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை. அம்மாதான் ஆரம்பித்தார். அப்புறம் அப்பா. அவன் கையை இறக்காமலே அவனும் சிரித்தான். நான் மட்டும் உள்ளே போய் அழுதேன். வெளியே வந்தபோது எனக்கும் ஒரு பாதி சல்யூட் கிடைத்தது.

அடுத்த வருடம் அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தவணையில், அன்றைய விலைக்கே ஒரு புதுக் கணினி வாங்கினான். மறுவாரம் விலை குறைந்தது. (நான் சொல்லவில்லை. அந்த அளவு தேறியிருந்தேன்.) அலை வந்தது, சல்யூட் அடித்தது. வேறொரு நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது.

ஆனால் அந்தக் கை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம் "கொஞ்சம் யோசிச்சு சொல்றேன்" என்று நான் சொன்னபோது, அவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து முரளியின் கை தோள்வரை உயர்ந்தது. உடனே சம்மதம் சொல்லிவிட்டேன். போன மாதம் மகளுக்குப் போன் வாங்கப் போனோம். விற்பனையாளரிடம், "அடுத்த மாசம் ஆஃபர் ஏதாவது வருமா?" என்று நான் கேட்டேன். திரும்பிப் பார்த்தேன். அந்தக் கணினியையோ படத்தையோ பார்த்தே இராத என் மகள், கடை நடுவில் விறைப்பாக நின்றுகொண்டு, கையைத் தூக்க ஆரம்பித்திருந்தாள்.

தோளுக்கு வருவதற்குள் பில் போடச் சொல்லிவிட்டேன்.