பிளான்ட் ஹெட்டுக்குக் குருவி காட்டிய கதை

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால் வாழ்க்கையில் பாதி வம்பு குறையும். (இருபத்திரண்டு வயதில் எனக்கு இந்த ஞானம் இல்லை. இப்போதும் சந்தேகம்தான்.)

அப்போது ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் டிரெய்னியாக இருந்தேன். பர்மனென்ட் ஆனால்தான் பெண் தருவேன் என்று கோவில்பட்டி மாமா கறாராகச் சொல்லியிருந்தார். அந்தப் பங்குனியில் எங்கள் பிளான்ட் ஹெட் கழுத்தில் பைனாகுலரோடு கேன்டீன் தோட்டத்தையே சுற்றி வந்தார். வலசைப் பறவைகள் வடக்கே திரும்பும் சமயமாம். காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கூவும் ஆறுமணிக்குருவியைப் பார்த்தே தீரவேண்டுமாம்.

எனக்கு லாட்டரி அடித்தது போலிருந்தது. நைட் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், தினமும் டாண் என்று ஆறு மணிக்கு, அந்தத் தோட்டத்துப் புதரில் ஒரு குருவி கூவுவதை நானே கேட்டிருக்கிறேன்!

"நான் காட்டுதேன் சார்! எங்க ஊர்ல இது கோழி மாதிரில்லா திரியும்" என்றேன். (எங்கள் ஊரில் நான் உற்றுப் பார்த்த ஒரே பறவை குழம்பில் கிடந்தது.)

மறுநாள் விடியலில் அவரும் நானும், பின்னால் ஹெச்.ஆர். ஆட்களும், மூச்சைப் பிடித்துக்கொண்டு புதருக்கு எதிரே குனிந்து நின்றோம். ஆறு மணிக்குக் குருவி கூவியது. பிளான்ட் ஹெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கிட்டக்க போலாமா?" என்று கிசுகிசுத்தார்.

"பறக்காது சார், பழகுன குருவி" என்று தவழ்ந்து போய்க் கிளையை விலக்கினேன்.

உள்ளே அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்து, எங்கள் சூப்பர்வைசர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சின்மேல் சைனா போன் கூவிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் யாருக்கும் சந்தேகம் வராதபடி குருவிச் சத்தத்தில் அலாரம் வைத்திருந்திருக்கிறார், மகானுபாவர்!

பிளான்ட் ஹெட் பைனாகுலரை இறக்காமலே கேட்டார்: "இது பேரு என்னப்பா?"

விலக்கிய கிளையைப் பிடித்தபடியே சொன்னேன்: "ஏழுமலை, சார்."

ஏழுமலை ஒரு கண்ணைத் திறந்தார். "இன்னாடா, ஆறாயிடுச்சா?"

அவருக்கு மெமோ வந்தது, புதரை வெட்டினார்கள். என் பர்மனென்டுக்குச் சிபாரிசு எழுத வேண்டியவரும் ஏழுமலையண்ணன்தான். 'வேலையில் கவனம் இல்லை' என்று எழுதினார். (எழுதியது யார் என்று கவனிக்கவும்.) டிரெய்னி காலம் இன்னொரு வருஷம் இழுத்தது, கூடவே கல்யாணமும். அந்த வருஷம் முழுக்க மாமா பெண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களோ என்று நான் பயந்து செத்தேன்.

நல்லவேளை, அவள் காத்திருந்து என்னையே கட்டிக்கொண்டாள். ஆனால் இன்றைக்கும் எந்தச் சொந்தக்காரர் வீட்டில் ஜாதகப் பேச்சு எடுத்தாலும் என்னைக் காட்டிச் சொல்வாள்:

"இவுகளுக்குச் செவ்வா தோஷமெல்லாம் கெடையாது சித்தி. குருவி தோஷம்."