குளியலறையில் இரண்டாவது காலடி

கையில் காசில்லாதவன் கொத்தனாரைக் கூப்பிடாமல் இருப்பதில் தவறில்லை. தானே கொத்தனார் என்று நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து. நான் நினைத்துக்கொண்டேன்.

திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக் குளியலறை நாலடிக்கு ஆறடி. தரை பெயர்ந்து கிடந்தது. பௌர்ணமி கிரிவலத்துக்கு மாமனார் வருவதாக இருந்தார். "மாப்ளைக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது" என்று கல்யாணத்தன்றே அறிவித்தவர். அவர் வாயை அடைத்தே தீருவது என்று, கடையில் ஒதுக்கிப்போட்ட மிச்ச டைல்ஸை (ஐந்து கலர், ஒன்றில் பாதி மயில்) வாங்கிவந்தேன். சிமெண்டை மிச்சம்பிடிக்க, ஒவ்வொரு டைலுக்கும் மூலைக்கு ஓர் உருண்டை மட்டும் வைத்து ஒட்டினேன். நடுவில் வெறும் காற்று.

மூன்றாம் நாள் காலை உள்ளே கால் வைத்தேன். டொக். நின்றேன். பின்னால், மூலையில் இருந்த மயிலிடமிருந்து இன்னொரு டொக். திரும்பினால் யாருமில்லை. இரண்டடி வைத்தேன். சற்றுப் பொறுத்து, அங்கிருந்தும் இரண்டு. (அன்று குளித்தேன் என்று வீட்டில் சொன்னது பொய்.)

அடுத்துப் போன மனைவி முகத்தில் சோப்போடு வந்து நின்றாள்.

"ஏங்க, உள்ள யாரோ என் பின்னாலயே வராங்க."

"புது டைல்ஸ், செட் ஆவுது" என்றேன், நடுங்காத குரலில்.

கிரிவலம் முடித்து விடியற்காலையில் வந்த மாமனார் கால் கழுவப் போனார். நாங்கள் வெளியே நின்றோம். டொக். அமைதி. டொக்.

"யாருங்க?" உள்ளே அவர் குரல். "நீங்க மொதல்ல கழுவிக்குங்க. நான் நிக்கிறேன்."

கழுவாத புழுதிக் காலோடு வெளியே வந்தார். "மாப்ள, உள்ள ஒருத்தர் இருக்காரு."

பௌர்ணமியில் சித்தர்கள் கண்ணுக்குத் தெரியாமல் மலை சுற்றுவதாக எங்கள் ஊரில் சொல்வார்கள். கால் கழுவ எங்கள் வீட்டுக்கு வருவதாக யாரும் சொன்னதில்லை. வேறு வழியின்றி நாலு உருண்டை ரகசியத்தை ஒப்புக்கொண்டேன். மாமனார் கொத்தனாரைக் கூட்டிவந்தார்.

கொத்தனார் பூச்சுக் கரண்டியின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"இன்னா சார், எல்லாம் பொந்து. இந்த மயிலு ஒண்ணுதான் கெட்டியா உக்காந்துருக்கு. இதுல சத்தமே வராது."

"சத்தம் அதுலருந்துதாங்க வருது" என்றேன்.

அவர் அதன்மேலிருந்த காலை மெல்ல எடுத்துக்கொண்டார். மற்றதையெல்லாம் பெயர்த்து ஒட்டினார். மயிலைத் தொடவில்லை.

இப்போது எங்கள் காலடிக்குச் சத்தமில்லை. அந்தக் காலடிக்கு மட்டும் உண்டு. காலி அறையானாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைகிறோம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடமெல்லாம் மாமனார் சொல்கிறார்:

"மாப்ள வேலைய நம்பி நிக்க இந்த வீட்ல ஒருத்தராவது இருக்காரு."