மாப்பிள்ளை விழுந்தபோது நான் சுவரைப் பார்த்து நின்றது ஏன்

என் மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் நிதானமாக உட்கார்ந்து எழுதும் மடல். இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சுகம். வீட்டில் சுகமில்லாதது இணையப் பெட்டி ஒன்றுதான். அங்கே நீங்களும் என் மகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறாரே என்று நினைக்க வேண்டாம். நான் போன் செய்யும்போதெல்லாம் நீங்கள் குளித்துக்கொண்டிருப்பதாக என் மகள் சொல்கிறாள். காலையில் கூப்பிட்டாலும் குளியல், மத்தியானம் கூப்பிட்டாலும் குளியல். உத்தியோக காலம் முழுவதும் குடிநீர் வாரியத்தில் வால்வு மேற்பார்வை பார்த்தவன் நான். ஒரு தனி மனிதருக்கு அவ்வளவு தண்ணீர் எந்தக் குழாயிலும் வராது என்பது எனக்குத் தெரியும். ஆகவே கோபமாக இருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். சரி, செல்போனில் தட்டி அனுப்பலாம் என்று பார்த்தால், அனுப்பியது போகாமல் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. தபால்காரர் சுற்றினாலும் கடைசியில் வந்து சேர்ந்துவிடுவார்.

விஷயம் அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். கல்யாணமான புதிதில் நீங்கள் இங்கே வந்தால் நாம் இருவரும் சோபாவில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம். சாப்பிட்டாயிற்றா என்று நான் கேட்பேன், ஆயிற்று என்பீர்கள், அத்தோடு பேச்சு தீர்ந்துவிடும். அப்புறம் ஒருநாள் நீங்களாகவே என் கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டை ஆட்டத்தை ஏற்றி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவியும் வாங்கிக் கொடுத்து, என்னை உங்கள் அணியில் வைத்தியராகச் சேர்த்தீர்கள். அடிபட்டவர் பக்கத்தில் ஓடிப்போய் ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் எழுந்துவிடுவார்; எனக்கு அவ்வளவுதான் வேலை. அதிலிருந்து நாம் பேசிய பேச்சை என் சொந்தத் தம்பியோடுகூட நான் பேசியதில்லை. பாதிப் பேச்சு 'இந்தப் பக்கம், அந்தப் பக்கம்' என்பதுதான். இருந்தாலும் பேச்சு பேச்சுதானே.

அன்று நீங்கள் பாலத்தின் மேல் தனியாக நின்று கோட்டைக்கு வழி மறித்தீர்கள். அடிபட்டதும், "மாமா, மருந்து" என்று கேட்டீர்கள். நான் அழுத்தினேன். இது சத்தியம். மறுபடியும் அழுத்தினேன். என் திரையில் நீங்கள் காயமில்லாமல், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி பாலத்தில் நிற்கிறீர்கள். எதிரிகள் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறார்கள். நான் மட்டும் ஓடுகிறேன், ஆனால் நகரவில்லை. பிறகு எல்லாம் ஒரே மூச்சில் நடந்து முடிந்தது. நீங்கள் கீழே கிடக்கிறீர்கள், கோட்டையில் அவர்கள் கொடி பறக்கிறது, நான் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த இடத்தில் ஒரு சுவர் இருக்கிறதென்றே அதுவரை எனக்குத் தெரியாது. அப்போது உங்கள் ஆபீஸ் நண்பர், மூக்கால் பேசுகிறவர், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னார்: "மாமா வேணும்னேதான் விட்டுட்டாரு."

அதுதான் மாப்பிள்ளை எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அன்று காலையில்தான் அந்தத் தூரத்து ஊர் வேலையை ஒப்புக்கொண்டதாகவும், மகளையும் கூட்டிக்கொண்டு குடிபோகப் போவதாகவும் சொன்னீர்கள். நானும் "உங்க இஷ்டம்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்த இஷ்டத்தைக் கொஞ்சம் நல்ல குரலில் சொல்லியிருக்கலாம். ஆனால் காலையில் வந்த மனக்கசப்பைச் சாயங்காலம் பாலத்தில் வைத்துத் தீர்த்துக்கொள்கிற ஆள் நானில்லை. அதை உங்களுக்கு நிரூபிக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் இணைய கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்து, பெட்டியை அணைத்துப் போடச் சொன்னாள். அணைத்துப் போட்டேன். அப்புறம் ஏதோ சோதனை செய்யச் சொல்லி, வேகம் பிரமாதமாக இருக்கிறது என்றாள். பிரமாதமான வேகத்தில் மருந்து ஏன் போய்ச் சேரவில்லை என்று கேட்டேன். "வேகம் வேற, தாமதம் வேற சார்" என்றாள். வேகமாக வருகிறவன் தாமதமாக எப்படி வருவான் என்று யோசித்து யோசித்து, கடைசியில் எனக்குத் தெரிந்த பாஷையில் புரிந்துகொண்டேன். வேகம் என்பது குழாயின் அகலம். தாமதம் என்பது வால்வைத் திறந்த பிறகு முதல் சொட்டு வர ஆகும் நேரம். அகலமான குழாயிலும் முதல் சொட்டு மெதுவாக வரலாம். இதை நான் சொன்னதும், "கரெக்ட் சார், அதேதான்" என்று அவள் சந்தோஷப்பட்டாள். எனக்குத்தான் குழப்பம் கூடிவிட்டது. எங்கள் வாரியத்தில் முதல் சொட்டு வராவிட்டால் ரோட்டைத் தோண்டுவோம். இங்கே எதைத் தோண்டுவது? அதைக் கேட்பதற்குள் அவள், "உங்களுக்கு பாக்கெட் லாஸும் ஆகுது சார்" என்றாள். நான் பதறிப்போய்ச் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி, பேனா எல்லாம் பத்திரமாக இருந்தன. அந்தப் பாக்கெட் இல்லை, அனுப்பும் செய்தியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித்தான் அனுப்புவார்கள், அதில் சிலது வழியில் தொலைந்துபோகிறது என்று விளக்கினாள். உங்களுக்கு நான் அனுப்பிய மருந்தும் அப்படி ஒரு பொட்டலத்தில்தான் போயிருக்க வேண்டும்.

பெட்டி எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டபோதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. அது கண்ணைச் சிமிட்டுவது உங்கள் அத்தைக்குப் பிடிக்காமல், ஃபிரிட்ஜின் மேல் எவர்சில்வர் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அங்கிருந்து எடுத்து அலமாரி மேல் வைத்தேன், அப்புறம் ஜன்னலில் வைத்தேன், அப்புறம் ஹாலின் நடுவில் ஒரு முக்காலி போட்டு அதன் மேல் வைத்தேன். இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். அப்படியும் சாப்பாட்டு நேரத்தில் ஆட்டம் திணறியது. மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் பெட்டிக்கு ஆகாது என்று யாரோ சொல்லி, உங்கள் அத்தையை ஒரு கப் தண்ணீர் சூடாக்கச் சொல்லிவிட்டு நான் திரையைப் பார்த்தேன். அடுப்பு உறுமியதும் என் ஆள் உறைந்துபோனான், அடுப்பு நின்றதும் ஓடினான். இனிமேல் நான் ஆடும்போது எதையும் சூடாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதற்கு உங்கள் அத்தை, "அப்ப நீங்களும் ஆறினதையே சாப்பிடுங்க" என்றாள். அன்றிலிருந்து ஆறினதையே சாப்பிடுகிறேன்.

இதற்கு நடுவில், அக்கம்பக்கத்து இணையப் பெட்டிகள் எல்லாம் காற்றில் ஒரே தடத்தில் ஓடினாலும் இடிபடும் என்று தெரியவந்தது. மாடி வீட்டுத் தையல் டீச்சரிடம் போய், உங்களுடையதால் எனக்கு இடைஞ்சலாக இருக்கிறது, கொஞ்சம் தடம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று பக்குவமாகத்தான் கேட்டேன். அவர் முகம் வாடிப்போய், இவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி என்றார். ஏதோ புரிந்துகொண்டார் என்று நானும் இறங்கி வந்துவிட்டேன். தையல் மிஷின் சத்தத்தைத்தான் சொல்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டது பிறகுதான் தெரிந்தது. மிஷினை நிறுத்திவிட்டுக் கையால் தைத்துக்கொண்டிருக்கிறாராம். உங்கள் அத்தை கொடுத்த துணி இன்னும் வந்தபாடில்லை. அந்தப் பழியும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது.

காற்றில் அனுப்பினால்தானே தொலைகிறது என்று, அடுத்து ஒரு நீள வயர் வாங்கி வந்து ஹாலிலிருந்து என் அறை வரைக்கும் சுவரோரமாக நானே அடித்தேன். பழக்க தோஷத்தில், தண்ணீர்க் குழாய்க்குக் கொடுக்கிற மாதிரி வாட்டம் கொடுத்தே அடித்துவிட்டேன். என் அறைப் பக்கம் தாழ்ந்திருக்கிறது. உங்களிடமிருந்து எனக்கு வருவது வழுக்கிக்கொண்டு வரும், என்னிடமிருந்து உங்களுக்கு வருவது மேடேற வேண்டுமே என்று ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டேன். கம்பெனியிலிருந்து வந்த மெக்கானிக், அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்றார். ஆனால் வயர் குறுக்கே போவதால் சமையலறைக் கதவு சாத்த முடியாமல் ஆகிவிட்டது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். அவர் ஏதேதோ தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க கனெக்‌ஷன் ஸ்ட்ரிக்ட்னு காட்டுது சார்" என்றார். இந்த வீட்டில் ஸ்ட்ரிக்ட் யார் என்பது எனக்கும் சுவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். பெட்டிக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துப்போனேன். வெளியிலிருந்து வருகிறவர்களைப் பெட்டி உள்ளே விடுவதில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்வார்களாம். அதற்குப் பெட்டிக்குள்ளேயே ஏதோ ஒரு கதவைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகும் சாயங்காலம் ஆட்டம் நின்றது. அவரும் தலையைச் சொறிந்தார், நானும் சொறிந்தேன். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் உண்மை தற்செயலாகத்தான் கிடைத்தது. சாயங்காலம் ஆனால் உங்கள் அத்தை செல்போனை சார்ஜில் போடுவாள். போட்டதும் அது தன்னிடமுள்ள படங்களை எல்லாம் யாரையும் கேட்காமல் எங்கேயோ மேலே ஏற்றிப் பத்திரப்படுத்துமாம். மேலே போகிற குழாய் முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்கிறது. அப்படி என்னதான் ஏறுகிறது என்று வாங்கிப் பார்த்தேன். உங்கள் கல்யாண வீடியோ. மாலை மாற்றுவதிலிருந்து சம்பந்தி சாப்பாட்டுப் பந்தியில் கோபித்துக்கொண்டது வரைக்கும் முழுசாக. மாப்பிள்ளை, உங்களுக்கு வர வேண்டிய மருந்தை உங்கள் கல்யாணமே வழிமறித்திருக்கிறது. உங்கள் அத்தையிடம், ஆட்டம் முடியும் வரைக்கும் இதை நிறுத்தி வை என்றேன். "கல்யாணத்தையா நிறுத்தச் சொல்றீங்க?" என்று அவள் கேட்டாள். நான் என் அறைக்குத் திரும்பிவிட்டேன். அவளே கொஞ்ச நேரம் கழித்து வந்து, சார்ஜரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை கோவமா இருக்காரா?" என்று கேட்டாள். தெரியலை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

ஆகவே நடந்தது இதுதான். நான் வேண்டுமென்று விடவில்லை. மருந்து அனுப்பினேன், அது நம் வீட்டுக் குழாயிலேயே நின்றுவிட்டது. பிழை என் வீட்டுப் பிழை. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்றையும் இதோடு எழுதிவிடுகிறேன். அந்த வேலைக்குப் போங்கள். நல்ல குரலில் சொல்ல வேண்டியதை அன்று சொல்லத் தெரியவில்லை. மகள் தூரமாகப் போகிறாளே என்றுதான் வருத்தப்படுகிறேன் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களோடு ஆடாத இந்த நாட்களில்தான் தெரிந்தது, அவள் ஒருத்திக்காக மட்டும் இல்லை. இதை முகத்துக்கு நேராக என்னால் சொல்ல முடியாது. காகிதம் இந்த விஷயத்தில் சௌகரியம்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். புது ஊரில் காலெடுத்து வைப்பது நல்லபடியாக அமையட்டும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கால் பேசும் நண்பருக்கும் என் விசாரிப்பைச் சொல்லுங்கள். எனக்குக் கேட்டது என்பதைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நினைக்கும் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மகள் போன் செய்தாள். அன்று உங்கள் திரையில் நான்தான் நல்லபடியாக நின்றேனாம், நீங்கள்தான் நகர முடியாமல் சுவரில் முட்டிக்கொண்டிருந்தீர்களாம். உங்கள் வீட்டுக் கோளாறால் ஆட்டம் போயிற்று, மாமா முகத்தில் எப்படி விழிப்பது என்று என் போனுக்கு ஒளிந்துகொண்டிருக்கிறீர்களாம். வீட்டில் வயரையெல்லாம் பிடுங்கிப் போட்டு, என்னிடம் மன்னிப்புக் கேட்டு நேற்று ஒரு கடிதமும் தபாலில் சேர்த்துவிட்டீர்களாம். "ரெண்டு பேரும் லூசாப்பா? அன்னைக்கு அந்த கேம் கம்பெனி மெஷினே படுத்துருச்சு. உலகம் பூரா நின்னுருக்கு. அவங்களே ஸாரி போட்டுருக்காங்க" என்றாள். ஆக, மேலே நலம் விசாரித்ததைத் தவிர நான் எழுதிய எதையும் நம்ப வேண்டாம். கல்யாண வீடியோ நிரபராதி, உங்கள் அத்தையும் நிரபராதி. தையல் டீச்சரிடம் போய் எதை எப்படி விளக்குவது என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. எதற்காக மன்னிப்புக் கேட்டேன் என்பதும் புரியவில்லை. இருந்தாலும் கேட்டது கேட்டதாகவே இருக்கட்டும்.

புது ஊரில் வீடு பார்க்கப் போன இடத்தில், நீங்கள் வீட்டுக்காரரிடம் முதலாவதாகக் கேட்டதே, இங்கிருந்து மாமாவோடு தடங்கல் இல்லாமல் ஆட முடியுமா என்றுதான் என்று மகள் சொல்லிச் சிரித்தாள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை மாப்பிள்ளை. வீடு பார்க்கும்போது முதலில் தண்ணீர் வருகிறதா என்று கேட்க வேண்டும். இதை நீங்கள் கேட்கவில்லை என்று அறிந்து நான் மிகவும் வருத்தப்படுகிறேன். அதைக் கேட்ட பிறகு மற்றதைக் கேளுங்கள். மறந்துவிடாமல் கேளுங்கள்.