ஒரு கையெழுத்து போட எவ்வளவு நேரம்?

“பரிசீலனைல இருக்குன்னா என்னம்மா அர்த்தம்? பத்தொன்பது மாசமா என்னத்தைப் பரிசீலிக்கறீங்க?”

அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஒரு மருத்துவக் காப்பீட்டு அலுவலகம். மேஜைக்கு அடியில் குனிந்து, சொந்தக் கைபேசியில் கத்திக்கொண்டிருந்தார் வெர்னன் பிரூயிட். கத்துகிற மனுஷன் எதற்கு ஒளிய வேண்டும்? அலுவலக நேரத்தில் சொந்தப் பேச்சு கூடாது என்று சுற்றறிக்கை எழுதியவரே அவர்தான்.

“எங்களுக்குன்னு ஒரு முறை இருக்கு சார்,” என்றாள் கார்டு கம்பெனிப் பெண்.

விஷயம் இதுதான். உள்ளூர் பேஸ்பால் அணியில் இருபத்தைந்து பேர். அத்தனை பேரின் படம் போட்ட, அவரவரே கையெழுத்திட்ட கார்டுகளையும் ஓர் ஆல்பத்தில் சேர்ப்பது வெர்னனின் லட்சியம். இருபத்துநாலு சேர்ந்தாயிற்று. கடைசி உறை மட்டும் காலி. அது கால்வின் ஸ்ட்ரூப் என்ற புதுப்பையனுக்கு. நூற்றிருபது டாலர் கொடுத்து பாக்கெட் வாங்கிப் பிரித்தால் உள்ளே கார்டு இல்லை, ஒரு சீட்டு. ‘இந்த வீரர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எண்ணைப் பதிவு செய்யுங்கள். அவர் போட்டதும் அனுப்புகிறோம்.’ சாப்பாட்டுக்குக் காசை வாங்கிக்கொண்டு, அரிசி விளைந்ததும் கூப்பிடுகிறோம் என்கிற கதை.

அந்தச் சீட்டு வருகிற வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் காலாவதி.

“வெள்ளிக்கிழமை கார்டு வரல, சனிக்கிழமை உன் ரூம்ல என் தையல் மிஷின் உக்காரும்,” என்று மனைவி டார்லீன் சொல்லிவிட்டாள். “ஆல்பமெல்லாம் கராஜுக்குப் போகும். எலிங்க பாத்து ரசிக்கட்டும்.”

கைபேசியை வைத்ததும் மேஜைத் தொலைபேசி அடித்தது.

“சார், நாலாயிரத்து நானூத்திப் பதினேழு பேசறேன்.”

அந்த அலுவலகத்தில் விண்ணப்பிக்கிற யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். ரகசியம் காக்க வேண்டுமாம். அதுவும் வெர்னனின் சுற்றறிக்கை. பனியில் வழுக்கி விழுந்த யாரோ ஒரு பையனின் ஆபரேஷனுக்கு அனுமதி கேட்டு, திங்கள் தவறாமல் அவனுடைய அம்மா கூப்பிடுவாள்.

“பரிசீலனைல இருக்கு மேடம்.”

“பதினெட்டு மாசமா சார்?”

“எங்களுக்குன்னு ஒரு முறை இருக்கில்ல? ஆறாம் நம்பர் பாரம் அனுப்புனீங்களா?”

“மூணு தடவை அனுப்பிட்டேன் சார்.”

“அதான் குழப்பமே. மூணுல எது ஒரிஜினல்னு நான் பாக்க வேணாமா?”

தொலைபேசியை வைத்துவிட்டு, கார்டு கம்பெனி மேல் ஒரு புகார் தட்டிவிட்டார் வெர்னன். அத்தோடு நிறுத்தவில்லை. ‘அன்புள்ள கால்வின், ஒரு கையெழுத்து போட எவ்வளவு நேரம்டா ஆகும்?’ என்று ஒற்றை வரிக் கடிதம் எழுதி, கூடவே ஒரு நீலப் பேனாவும் வைத்து, அணி அலுவலகத்துக்குத் தபாலில் போட்டார். மூன்று மாதமாக வாராவாரம் இந்தக் கடிதக் கூத்துதான்.

“பேனா இல்லாமயா அவன் போடல?” என்றாள் டார்லீன்.

“சாக்கு சொல்லக் கூடாதுல்ல?”

“அடிபட்டிருக்குன்னு பேப்பர்ல போட்டிருந்தானே?”

“காலாத்தான் இருக்கும். காலாலயா கையெழுத்து போடுவான்? சோம்பேறிப் பய!”

செவ்வாய்க்கிழமை கார்டு கம்பெனியிலிருந்து பதில் வந்தது. புகார் விசாரணையில் இருப்பதால் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

வெர்னன் பதறிப்போய்ப் புகாரை வாபஸ் வாங்கினார். புகாரோடு விண்ணப்பமும் வாபஸ் ஆகிவிட்டது.

“ஐயோ, அது வேணும்மா எனக்கு!”

“அப்ப ஈடா வேற கார்டு அனுப்பறோம் சார்.”

“எது வேற? யாரு வேற?”

பதில் சொல்லாமலே அவள் வைத்துவிட்டாள். புதன்கிழமை கூரியரில் ஓர் உறை வந்தது. ஆசையோடு கிழித்தார். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் ஆட்டத்தின் எழுபது வயது வீரர் ஒருவர். கையெழுத்து மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது.

“பேஸ்பால் கேட்டா பவுலிங் அனுப்பறீங்களே, நியாயமா?” என்று வியாழக்கிழமை கத்தினார்.

“உறையைப் பிரிச்சிட்டீங்களா சார்?”

“பிரிக்காம எப்படிம்மா பாக்கறது?”

“பிரிச்சா ஏத்துக்கிட்டதா அர்த்தம் சார்.”

வெர்னனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஐம்பத்துமூன்று வயதில் ஒரு மனிதன் மேஜைக்கடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவது காணச் சகிக்காத காட்சி. அந்தப் பெண்ணுக்கே பாவமாகிவிட்டது. பழைய விண்ணப்பத்தை எப்படியோ உயிர்ப்பித்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணி. டார்லீன் தையல் மிஷினைத் துடைத்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். வெர்னன் கடைசியாக ஒருமுறை கார்டு கம்பெனியைக் கூப்பிட்டார்.

“வீரர் இன்னும் கையெழுத்துப் போடல சார். அஞ்சு மணிக்கு உங்க விண்ணப்பம் தானா மூடிக்கும்.”

“ஒரு கையெழுத்தும்மா! ஒரே ஒரு கையெழுத்து! அதைக்கூடப் போடாம ஒரு மனுஷனை ஒன்றரை வருஷமா அலைய விடறான்னா, அவனுக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?”

“எங்களுக்குன்னு ஒரு...”

கைபேசியைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்தார். பிறகு குனிந்து எடுத்துத் துடைத்துக்கொண்டார். யார் மேலாவது இந்தக் கோபத்தைக் காட்டியாக வேண்டும். 4417 கோப்பு கண்ணில் பட்டது. பதினெட்டு மாதம் தாண்டிய கோப்புகளை மூடிவிடலாம் என்றும் ஒரு சுற்றறிக்கை உண்டு. யார் எழுதியது என்று சொல்ல வேண்டியதில்லை. முத்திரையைக் கையில் எடுத்தார்.

தொலைபேசி அடித்தது.

“சார், நாலாயிரத்து நானூத்திப் பதினேழு.”

“இன்னிக்குத் திங்கக்கிழமை இல்ல மேடம்.”

“தெரியும் சார். பதினெட்டு மாசம் தாண்டினா மூடிருவீங்கன்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க, அதான் மனசு கேக்கல. வேலை பாத்த இடத்துலயும், வீட்டு வாசல்ல விழுந்ததுக்கு நாங்க பொறுப்பில்லன்னு கையை விரிச்சிட்டாங்க. நீங்க ஒரே ஒரு கையெழுத்து போட்டா, அவன் வலது மணிக்கட்டை ஆபரேஷன் பண்ணிருவாங்க சார்.”

“கையெழுத்துன்னா அவ்வளவு லேசா மேடம்? கேட்ட உடனே போட்டுர முடியுமா?”

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள்.

“அதை எங்கிட்டயா சொல்றீங்க சார்? ‘ஒரு கையெழுத்து போட எவ்வளவு நேரம்டா ஆகும்’னு எழுதி, வாராவாரம் எவனோ ஒரு கிறுக்கன் என் பையனுக்கு நீலப் பேனா அனுப்பறான். நேத்தோட பதினாலு சேர்ந்துருச்சு, பிடிக்கத்தான் அவனுக்குக் கை வரல.”