முளைப்பாரிக்குப் பிரசவம் பார்த்த நர்சம்மா

கத்தரிக்காய்க்குப் பிறந்த தேதி எழுதி வைத்தவர் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஊர் நர்சம்மா. கத்தரிக்காய்க்கு மட்டுமா? வெண்டைக்கு, புடலைக்கு, வேலியில் தானாக முளைத்த கோவைக்குக்கூட அவரிடம் தேதி, நேரம், எடை எல்லாம் உண்டு. என் பிறந்த தேதி எனக்கே சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்ட தேதியை வைத்துத்தான் இன்றுவரை காலம் தள்ளுகிறேன். அந்த வகையில் நர்சம்மா வீட்டுக் கத்தரிக்காய் என்னைவிடக் கொடுத்து வைத்தது.

ஐம்பதுகளில் கீரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நான் போஸ்ட்மாஸ்டர். தபாலாபீசுக்கு எதிரே இரண்டு கட்டில் போட்ட பிரசவ ஆஸ்பத்திரி. அதன் பின்னால் நர்சம்மாவின் குவார்ட்டர்ஸ். அதற்கும் பின்னால் அவருடைய தோட்டம். அவருக்குச் சொந்த ஊர் ஆவூர். ஞாயிற்றுக்கிழமை கையில் ஜெபமாலை, மற்ற ஆறு நாளும் மண்வெட்டி. அவருக்கு ஒரு பெயரும் இருந்தது. வரும் கடிதங்களில் பார்த்திருக்கிறேன். ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

வேலை வேறு, தோட்டம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் புத்தியை ஆண்டவர் அவருக்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் ஒரு குச்சி, குச்சியில் ஓர் அட்டை. "பெயர்: புடலை. தாய்: கீரமங்கலம் சந்தை. தகப்பன்: தெரியாது. பிறப்பு: பங்குனி மூன்று, காலை ஆறரை. அழுகை: இல்லை." வாசல் படலில் ஒரு பலகை தொங்கும். "பார்வையாளர் நேரம் மாலை 4 முதல் 5 வரை. கை கழுவிவிட்டு வரவும். பிஞ்சைத் தொட்டுக் கொஞ்சக் கூடாது."

காய் பறித்தால் முதலில் தராசில் கிடத்துவார். அது அவர் சொந்தக் காசில் வாங்கிய தராசு. சர்க்கார் தராசில் சொந்தப் பூசணிக்காயை வைப்பது பாவம் என்பது அவர் கட்சி. பிறகு ஆஸ்பத்திரித் தராசு பழுதாகிவிட்டதால் ஊர்க் குழந்தைகளும் அந்தப் பூசணித் தராசில்தான் ஏறின.

கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துக் கேட்க ஒரு மரக்குழல் வைத்திருப்பார்கள் அல்லவா? நர்சம்மா அதைப் பலாக்காயிலும் வைப்பார். கண்ணை மூடி, மூச்சை அடக்கி, ஒரு காதைக் குழலில் ஒட்டிக்கொண்டு நிற்பார். மரத்துக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பயபக்தியோடு காத்திருப்பார்.

"என்னம்மா சொல்லுது?"

"இன்னும் ஒம்பது நாள் கெடக்கு. அவசரப்பட்டு அறுத்துறாதீங்க. கொறை மாசமாப் போயிரும்."

சரியாக ஒன்பதாம் நாள் தெருவே பலா மணக்கும். நான் பொய் சொல்லவில்லை. நர்சம்மாவைக் கேட்காமல் எங்கள் ஊரில் பலாவில் யாரும் கத்தி வைத்ததில்லை.

அவரிடம் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. ஒன்று, பொய் சொல்லவே மாட்டார். பிள்ளை பிறந்தவுடன் "யாரு சாயல் நர்சம்மா?" என்று தகப்பன்மார்கள் ஆசையோடு கேட்பார்கள். "எலி சாயல். மொத நாள் எல்லாப் புள்ளையும் எலிதான். ஒரு மாசம் கழிச்சு வந்து கேளுங்க" என்பார். இன்னொன்று, அவர் தோட்டத்து விதை. ஊரில் பாதிக் கொல்லைகள் அவர் கொடுத்த விதையில் பச்சையானவை. "என் வெதையில ஒண்ணு சொத்தைன்னு காட்டிட்டா இந்தத் தொப்பியக் கழட்டி வச்சிட்டு ஆவூருக்கு நடந்தே போறேன்" என்பார். காட்ட ஒருவருக்கும் முடிந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் வசந்தம் என்று யாரும் சொல்வதில்லை. பங்குனி என்போம். வேம்பு பூத்து, மாவில் வடு தொங்கி, மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் அதுதான் எங்கள் வசந்தம். அம்மன் வேறு, மாதா வேறு என்றாலும் பங்குனி வந்துவிட்டால் நர்சம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு வருஷம் தன் பழைய வெள்ளைச் சேலைகளைக் கத்தரித்து நூற்றுக்கணக்கில் பூச் செய்தார். வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தைக் கடையில் வாங்கி, அதில் முக்கிக் காயவைத்துக் கோயில் வாசலுக்குத் தோரணம் கட்டினார். நேர்த்தியான வேலை. ஊரே வாய் பிளந்து பார்த்தது. மறுநாள் காலையில் ஒரு கோடைத் தூறல் விழுந்தது. தோரணத்துக்கு நேர் கீழே நின்று மணியாட்டிக்கொண்டிருந்த பூசாரியின் வழுக்கைத் தலை, பத்து நாள் நாவல்பழ நிறத்தில் இருந்தது. "பரவாயில்ல, தலையில புண்ணு வராது" என்று நர்சம்மா ஆறுதல் சொன்னார்.

இனி என் கதைக்கு வருகிறேன். அதில் நான் அவ்வளவு நல்லவனாகத் தெரிய மாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மனைவி விசாலம் மணமேல்குடிப் பெண். அவள் வந்த மாதம் பார்த்து ஊர்க் கிணறு வற்றிவிட்டது. பாவம், அவளா குடித்துத் தீர்த்தாள்? ஆனாலும் "கடக்கரைப் பொண்ணு காலெடுத்து வச்ச ராசி" என்று கிணற்றடியில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பங்குனியில் முளைப்பாரி எடுத்துவிட்டால் நாமும் ஊர்ப் பெண்களில் ஒருத்தி ஆகிவிடலாம் என்று அவள் காத்திருந்தாள்.

முளைப்பாரி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்புக் கட்டிய அன்று பெண்கள் ஆளுக்கொரு மண்சட்டியில் எரு நிரப்பி, ஊறவைத்த பச்சைப் பயறு விதைத்து, வெயில் படாத ஒரு வீட்டில் வைப்பார்கள். ஆண்கள் அந்த வாசற்படி ஏறக் கூடாது. தினமும் தண்ணீர் தெளித்துக் கும்மி கொட்டுவார்கள். ஒன்பதாம் நாள் வெளிர்மஞ்சளாக ஒரு சாண் வளர்ந்திருக்கும். தலையில் தூக்கி ஊர்வலம் போய்க் குளத்தில் கரைப்பார்கள். முளை செழித்தால் வீடு செழிக்கும். முளைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

விதைப்பதற்கு முதல் நாள் விசாலம் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "என்னங்க, அலமாரியில மேல் தட்டு டப்பாவுல பயறு இருக்கு. ரெண்டு பிடி அள்ளி ஊறப் போடுங்க. எனக்குக் கை வேலையா இருக்கு."

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கண்ணைப் பேப்பரிலிருந்து எடுக்காமல் கை எட்டிய டப்பாவை எடுத்து ஊறப் போட்டேன்.

நாலாம் நாள் விசாலம் முளைப்பாரி வீட்டிலிருந்து அழுதுகொண்டு வந்தாள்.

"எல்லாச் சட்டியிலயும் மூணு விரக்கடை முளை நிக்குதுங்க. நம்ம சட்டி மட்டும் மொட்டையாக் கெடக்கு. வள்ளிக்கண்ணு அக்கா எட்டிப் பார்த்துட்டு 'ம்'னாங்க. வேற ஒண்ணுமே சொல்லலை."

வள்ளிக்கண்ணு அக்காதான் முளைப்பாரி வீட்டுக்குப் பொறுப்பு. அந்த அம்மாளின் 'ம்'முக்கு ஊரில் அப்பீல் கிடையாது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. ரோட்டைத் தாண்டி ஓடினேன். விஷயத்தைக் கேட்ட நர்சம்மா ஒரே கேள்விதான் கேட்டார்.

"வலி எடுத்து எத்தனை நாளாச்சு?"

தட்டில் இடுக்கியும் பஞ்சுமாகக் கிளம்பிவிட்டார். முளைப்பாரி வீட்டு வாசலில் வள்ளிக்கண்ணு அக்கா மறித்ததை விசாலம் பிறகு நடித்தே காட்டினாள்.

"நர்சம்மா, கோவிச்சுக்காதீங்க. நீங்க வேற சாமி கும்புடுறவுக."

"நான் சாமி கும்புட வரலை வள்ளிக்கண்ணு. பிரசவம் பாக்க வந்திருக்கேன். உள்ள நிக்கிறது யாரு? ஒன் மக, ஒன் மருமக, ஒன் நாத்தனா. அம்புட்டுப் பேருக்கும் என் கைதானே பட்டிருக்கு? இதுக்கு மட்டும் நான் தள்ளி நிக்கணுமா?"

வள்ளிக்கண்ணு அக்கா வழிவிட்டு ஒதுங்கினார். "சரி, செருப்பக் கழட்டிட்டு வாங்க."

"செருப்பையும் கழட்டிட்டேன், சோப்புப் போட்டுக் கையும் கழுவிட்டேன். உங்கள்ல எத்தனை பேரு கழுவியிருக்கீங்க?"

அன்றைக்கு முளைப்பாரி வீட்டில் கும்மி அரைமணி நேரம் தாமதம். அத்தனை பேரும் கை கழுவ வரிசையில் நின்றார்கள்.

சற்று நேரத்தில் நர்சம்மா தபாலாபீசுக்கு வந்து, இடுக்கியில் பிடித்திருந்த ஒரு பயற்றை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"சார், இது வறுத்த பயறு. நாலு நாள் எருவுக்குள்ள கெடந்தும் வாசம் போகலை. வெல்லமும் தேங்காயும் சேர்த்தா பிரசாதம் ஆகும். முளைப்பாரி ஆகாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேல் தட்டு டப்பாவில் இருந்தது நர்சம்மா கொடுத்த விதைப் பயறு. கீழ்த் தட்டு டப்பாவில் இருந்தது, வண்டு விழாமல் இருக்க என் மாமியார் இளம் வறுப்பாக வறுத்துக் கொடுத்தனுப்பிய கஞ்சிப் பயறு. என் கைக்கு எட்டியது கீழ்த் தட்டுதான்.

"நர்சம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். யாருட்டயும் சொல்லிறாதீங்க. ஊரு சிரிக்கும். விசாலம் சிரிக்கக்கூட மாட்டா."

"எனக்குப் பொய் வராது சார். கேக்காத வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். கேட்டா சொல்லிருவேன்."

அன்று மாலையே தன் தோட்டத்துப் பயற்றை ஊறவைத்து, ஈரப் பஞ்சில் சுற்றி, வெந்நீர்ப் பை மேல் கிடத்தி முளைகட்டினார். மறுநாள் போய் ஒவ்வொரு முளையாக இடுக்கியில் எடுத்து விசாலத்தின் சட்டியில் நட்டார். வேளைக்கு இரண்டு தரம் போய்ப் பார்த்தார். ஈரத்துணி போர்த்தினார். "பயப்படாத ஆத்தா. லேட்டா வந்தாலும் புள்ளை புள்ளைதான்" என்று விசாலத்துக்குத் தைரியம் சொன்னார். அந்த நாலு நாளும் அவர் தோட்டத்துக் கத்தரிகளைக் கவனிக்க ஆளில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம். சட்டிகள் வெளியே வந்தன. தெரு அடைத்த கூட்டம். மேளக்காரர் தோளில் வாரை மாட்டித் தயாராக நின்றார். மற்றச் சட்டிகளில் சாண் முளை. விசாலத்தின் சட்டியில் முளை இருந்தது, ஆனால் நாலு விரக்கடைதான். அவள் குனிந்து தூக்கப் போனாள்.

"இரு" என்றார் வள்ளிக்கண்ணு அக்கா. "இத்தனூண்டு முளைய எப்புடி ஆத்தா முன்னால கொண்டு போறது?"

விசாலத்தின் கை சட்டி விளிம்பிலேயே நின்றுவிட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நர்சம்மா வந்தார்.

"வள்ளிக்கண்ணு, ஒன் மூத்த மகன் பொறந்தப்ப என்ன எடை?"

"அது எதுக்கு இப்ப?"

"நாலே கால் பவுண்டு. நான் எழுதி வச்சிருக்கேன். இன்னைக்கி ஏர் மாடாட்டம் நிக்கிறான் பாரு. எடை கம்மின்னு அன்னைக்கி நீ அவனைத் தூக்காம விட்டுட்டியா?"

கூட்டம் சிரித்தது. ஏர் மாடு வெட்கப்பட்டுப் பந்தல்காலுக்குப் பின்னால் போனது. ஆனால் வள்ளிக்கண்ணு அக்கா லேசுப்பட்ட ஆளில்லை.

"அதெல்லாம் சரி. மொதல்ல போட்டது ஏன் முளைக்கலை? அதச் சொல்லுங்க. வெதையில கோளாறா, இந்தப் பொண்ணு ராசியில கோளாறா? நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நீங்க சொன்னா நான் கேட்டுக்கிறேன்."

கேட்டுவிட்டார். நான் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நின்றேன். "நான்தான்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். முன்னால் நின்றவரின் முண்டாசைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நர்சம்மா என்னைப் பார்த்தார். பிறகு விசாலத்தைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் கண் ததும்பி நின்றது.

"வெதையிலதான் கோளாறு" என்றார் நர்சம்மா. "நான் குடுத்த வெதை அது. என் தோட்டத்து வெதை. சொத்தை."

மேளக்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார்.

"ஒங்க தோட்டத்து வெதையா? சொத்தையா?" என்றார் வள்ளிக்கண்ணு அக்கா.

"ஆமா. சொத்தை. எத்தனை தரம் சொல்லணும்?"

வள்ளிக்கண்ணு அக்கா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பறம் என்ன? பொண்ணு மேல குத்தமில்ல. தூக்கு ஆத்தா" என்றார். மேளம் முழங்கியது. விசாலம் அந்த நாலு விரக்கடைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த நடையை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஊரில் யாரும் ராசி என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

மறுநாள் நன்றி சொல்லப் போனேன். நர்சம்மா களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஆவூர் கோயில்ல இந்தப் பொய்யச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போறேன். சாமியாருட்ட ஒங்க பேரையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்."

அவர் ஆவூருக்கு நடந்து போகவில்லை. பஸ்ஸில்தான் போய் வந்தார். ஆனால் அதற்குப் பிறகு விதை கொடுத்தபோதெல்லாம் ஊர்க்காரர்கள், "நர்சம்மா, இது சொத்தை இல்லையே?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவருக்கு முகம் சிவந்துவிடும். ஒன்றும் சொல்லாமல் பொட்டலத்தை மடித்துக் கொடுப்பார். எதிர்த்த தபாலாபீசில் உட்கார்ந்து நான் மும்முரமாக முத்திரை குத்திக்கொண்டிருப்பேன்.

மறு வருஷம் எங்கள் மகளையும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார். பூசணித் தராசில் கிடத்தி எடை சொன்னார். யார் சாயல் என்று நான் கேட்கவில்லை. பிறகு அவருக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏறும்போது என் கையில் மடித்த அட்டை ஒன்றைத் திணித்தார். செடிக்கு எழுதும் அதே அட்டை, அதே கையெழுத்து.

"பெயர்: முளைப்பாரி. தாய்: விசாலம். கோளாறு: வறுத்த பயறு. காரணம்: தகப்பன். சிகிச்சை: ஒரே ஒரு பொய். தாயும் சேயும் நலம்."

அந்த அட்டை இத்தனை வருஷமாக என் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. விசாலத்துக்குக் காட்டியதில்லை. இந்த வாரம் இதை அச்சில் படித்ததும் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். ஆக்கட்டும். அன்றைக்கு மூன்றாவது வரிசையில் நின்று நான் சொல்லாமல் விட்டதை இன்றைக்காவது ஊரறியச் சொல்லிவிடுகிறேன். நர்சம்மா தோட்டத்தில் ஒரு நாளும் சொத்தை விதை இருந்ததில்லை.