வாசல் நிலைக்கு மேல் ஒரு லாடம்

மாரிகுப்பம்,
விளம்பி வருஷம், ஐப்பசி மாதம்.

குடியாத்தம் மகாராஜராஜஸ்ரீ ராஜப்பா முதலியார் சம்பந்தி அவர்கள் சமுகத்துக்குத் தங்கவேலு வந்தனம். சம்பந்தி என்று இன்னும் எழுதலாமா என்பது தங்கள் மனசில் இருக்கிறது. கை பழக்கத்தில் எழுதிவிட்டது. இவ்விடம் என் மூட்டுவலி நீங்கலாக யாவரும் சுகம். அவ்விடம் தங்கள் கோபம் நீங்கலாக யாவரும் சுகமென்று நம்புகிறேன்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் சொல்ல வந்த தங்கள் மைத்துனர் தண்ணீர்கூடக் குடிக்காமல் ரயிலேறிப் போய், "அந்த வீட்டுல எல்லா மதமும் குடியிருக்குது" என்று சொன்னதாகவும், என் மகள் பாக்கியவதியின் கலியாணத்தைத் தாங்கள் நிறுத்தப்போவதாகவும் கேள்விப்பட்டு இதை எழுதுகிறேன். நடந்தது இதுதான். நான் குடிவந்த கம்பெனி வீட்டுக்கு அதிர்ஷ்டம் வரட்டுமென்று தங்கச் சுரங்கத்துக் கேப்டன் துரை தம் குதிரையின் பழைய லாடத்தைக் கொண்டுவந்து, தம் கையாலேயே நிலைக்கு மேல் அடித்தார். இரண்டு முனையும் மேலே பார்க்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அதிர்ஷ்டம் ஒழுகிவிடுமாம். ஸ்டோர் மேஸ்திரி நான், துரையை வேண்டாமென்று சொல்ல முடியுமா? என் சம்சாரம் பார்வதம்மா, "குதிரை செருப்பா? சரி, கண் திருஷ்டிக்கு ஆவும், இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். மறுநாள் எதிர்வீட்டு நாயுடு, "அடடே, பெருமாள் நாமம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, நடுவில் சிவப்புக் கோடும் இழுத்துவிட்டார். ஐயா, நாங்க சைவம், அது பரமசிவன் தலைப்பிறை என்றேன். "மேஸ்திரி, பெருநாளுக்கு நாங்க பாக்கற பிறையும் இப்பிடித்தான்" என்று ஜட்காக்கார மதார் சாயபு சாம்பிராணி போட்டார். பக்கத்துவீட்டு மரியகுழந்தை, "இது மாதா காலடி நிலாங்க" என்று மெழுகுவத்தி ஏற்றினாள். யாரைத் தடுப்பது? எல்லோருக்கும் கிணறு ஒன்று.

அப்புறம் ஷிப்டுக்குப் போகிற ஆட்கள், கூண்டிலேறிச் சுரங்கத்துக்குள் இறங்குமுன் கும்பிட்டுவிட்டுப் போகலாமென்று என் வாசலில் வரிசை கட்டினார்கள். என் வீட்டுக்குள் போக வந்த என்னையே, "பின்னால போய் நில்லுங்க" என்றார்கள். தங்கள் மைத்துனர் வந்து சேர்ந்தது அந்த வேளையில்தான். அவரையும் வரிசையில் நிறுத்தி, நெற்றியில் நாமம் போட்டு, சாம்பிராணிப் புகை காட்டி, கையில் மெழுகுவத்தியும் கொடுத்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டதில் தப்பில்லை.

நேற்று லாடத்தைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்தேன். நாயுடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மரியகுழந்தை மாவு சலிக்கக் கொடுத்த சல்லடையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். துரைக்குத் தெரிந்தால் வேலை போகும், போகட்டும். பெண் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போகிறாள், அதைப் பார்க்க என்னால் ஆகவில்லை சம்பந்தி. இனி இந்த வாசலில் விபூதி தவிர வேறொன்றும் இராது. சத்தியம்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசீர்வாதம், மைத்துனருக்கு என் மன்னிப்பு.

இப்படிக்கு,
தங்கவேலு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகையில் மாப்பிள்ளையாகப் பேசிவைத்த தங்கள் குமாரர் சிரஞ்சீவி வேலு வந்து நிற்கிறார். வெறும் நிலையைப் பார்த்து, "ஐயோ மாமா, இன்னா காரியம் பண்ணிட்டீங்க! எங்கப்பா மனசு மாறணும்னு ஊர்லேர்ந்தே இந்த லாடத்துக்குத்தானே வேண்டிக்கிட்டேன்!" என்று கண்கலங்கினார். எந்தச் சாமியை நினைத்து வேண்டினீர்கள் என்று கேட்டேன். "எந்தச் சாமி காதுல விழுந்தாலும் சரிங்க" என்றார். லாடம் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஆணி அடிப்பது தங்கள் குமாரர். ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பது பாக்கியவதி.